சர்வே ஃபார்மா, நேர்காணலா, சும்மா போய் உட்காருவதா?

ஆய்வுத் தலைப்பு முடிவாகிவிட்டது, கைடும் (தீசிஸுக்கு வழிகாட்டும் பேராசிரியர்) தலையாட்டிவிட்டார், அடுத்த வாரமே கூகுள் ஃபார்மில் முப்பது கேள்வி போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அதனால்தான். வினாப்பட்டியல் (சிலர் வினாக்கொத்து என்பார்கள், பேச்சில் எல்லோருக்கும் அது சர்வே ஃபார்ம்) மோசமான வழி என்று சொல்ல வரவில்லை. சமூகவியலில் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது, அந்த இடத்தில் அதை அடித்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. ஆனால் நம்மில் பாதிப் பேர் அதை எடுப்பது, மற்றதெல்லாம் கஷ்டம், இது சுலபம் என்ற நினைப்பில். சுலபமா இல்லையா என்பது டேட்டா கைக்கு வந்து, அட்டவணை போட உட்காரும்போதுதான் தெரியும். அப்போது திரும்பிப் போய்க் கேட்க முடியாது.

மேசையில் இருக்கும் வழிகள் என்னென்ன என்று முதலில் பார்த்துவிடலாம். தாளைக் கொடுத்து அவர்களையே நிரப்பச் சொல்லலாம். நாமே நேரில் வாசித்துக் கேட்டு நாமே நிரப்பலாம், பாடப்புத்தகத்தில் இதற்கு ஷெட்யூல் என்று தனிப்பெயர். போனில் கேட்கலாம், லிங்க் அனுப்பலாம். இவையெல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு வெளியே, கட்டாயப் பெட்டிகள் இல்லாத நீண்ட நேர்காணல், ஏழெட்டுப் பேரை உட்கார வைத்துக் குழு விவாதம், அந்த மக்களோடே போய் இருந்து பார்ப்பது, ஏற்கனவே யாரோ சேர்த்துவைத்த புள்ளிவிவரத்தை எடுத்துக்கொள்வது. எல்லாவற்றுக்கும் சம இடம் தரப்போவதில்லை, ஏனென்றால் நிஜத்தில் பெரும்பாலோர் தடுமாறுவது ஃபார்முக்கும் நேர்காணலுக்கும் நடுவில்தான்.

இதில் எது என்று யோசிக்கும் முன் நான் இப்போதெல்லாம் ஒரே ஒரு சோதனை செய்கிறேன். முக்கியமான ஒரு கேள்வியை எழுதி, அதற்குக் கீழே வரக்கூடிய நான்கைந்து பதில்களையும் நானே எழுதிப் பார்க்கிறேன். அந்தப் பதில்களை எங்கிருந்து எடுத்தேன்? மக்கள் பேசிக் கேட்டதா, முந்தைய ஆய்வுகளில் படித்ததா, இல்லை என் தலையிலிருந்து வந்ததா? தலையிலிருந்து என்றால் ஃபார்ம் போடும் நேரம் இன்னும் வரவில்லை. வினாப்பட்டியல் எண்ணுவதற்கான கருவி. என்னென்ன இருக்கிறது என்று ஏற்கனவே தெரிந்திருந்தால், அது எத்தனை பேரிடம் இருக்கிறது, யாரிடம் அதிகம், எதோடு சேர்ந்து வருகிறது என்று எண்ணிச் சொல்லும். தெரியாத ஒன்றைத் தேடி வரச்சொல்லி அனுப்பினால், நாம் வரைந்து கொடுத்த ஐந்து பெட்டிகளில் ஒன்றில் டிக் வாங்கிக்கொண்டு சமர்த்தாகத் திரும்பி வரும். கடைசியில் 'மற்றவை' என்று ஒரு கோடு போட்டு வைப்போமே, அதில் எழுதுகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். எழுதினாலும் பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் எழுதுவார்கள்.

என் முதல் கள ஆய்வு, குடும்பத்துக்குள் யார் முடிவெடுக்கிறார்கள் என்பது பற்றியது. 'வீட்டின் முக்கிய முடிவுகளை எடுப்பவர் யார்?' என்று ஒரு கேள்வி. கணவர், மனைவி, இருவரும் சேர்ந்து, வேறு பெரியவர்கள். பார்க்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா, கண்ணாடி கையில் இல்லை என்று சொன்னதால் நான் வாசிக்க வாசிக்க அவர் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். இந்தக் கேள்விக்கு யோசிக்கவே இல்லை, "ரெண்டு பேரும் சேர்ந்துதான் தம்பி" என்றார். மூன்றாவது பெட்டியில் டிக். எல்லாம் முடிந்து, தாள்களை அட்டையில் செருகிக்கொண்டு எழுந்திருக்கும்போது சும்மா பேச்சுக்குக் கேட்டேன், "ரெண்டு பேரும்னா எப்படிம்மா, உட்கார்ந்து பேசுவீங்களா?"

"அவரு சொல்வாரு, நான் சரிம்பேன். அப்ப ரெண்டு பேரும் சேர்ந்துதானே?"

கிண்டலாகச் சொல்லவில்லை, புகாராகவும் சொல்லவில்லை. எனக்கு இது புரியவில்லையே என்ற லேசான ஆச்சரியம் மட்டும் அவர் முகத்தில் இருந்தது. என் பையில் அதே மூன்றாவது பெட்டியில் டிக் வாங்கிய அறுபது சொச்சம் தாள்கள் இருந்தன. அதில் எத்தனை பேர் உட்கார்ந்து பேசுகிறவர்கள், எத்தனை பேர் 'சரிம்பேன்' வகை என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. அந்த அம்மா பொய் சொல்லவில்லை, நான் போட்ட டிக்கும் தப்பில்லை. 'சேர்ந்து' என்ற சொல்லுக்கு என் மனதில் ஓர் அர்த்தமும் அவர் வீட்டில் வேறோர் அர்த்தமும் இருந்தன, அவ்வளவுதான். தாளை அனுப்பிவைத்து அவராகவே நிரப்பியிருந்தால் இது எனக்கு என்றைக்குமே தெரிந்திருக்காது. நேரில் வாசித்ததால்கூடத் தெரியவில்லை என்பதைக் கவனியுங்கள். தாளை மூடிவைத்த பிறகு கேட்ட கேள்வியால்தான் தெரிந்தது.

சொற்களின் விளையாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1941-ல் டொனால்ட் ரக் என்பவர் வெளியிட்ட ஒப்பீடு. ஜனநாயகத்துக்கு எதிரான பொதுக்கூட்டப் பேச்சுகளை அமெரிக்கா அனுமதிக்க வேண்டுமா என்று ஒரு தொகுதி மக்களிடம் கேட்டார்கள், 62 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். அதே பேச்சுகளைத் தடை செய்ய வேண்டுமா என்று இன்னொரு தொகுதியிடம் கேட்டார்கள். 46 சதவீதம் பேர்தான் ஆமாம் என்றார்கள். அனுமதிக்காமல் இருப்பதும் தடை செய்வதும் கணக்குப்படி ஒன்றுதான். காதுக்கு ஒன்றில்லை. தடை என்ற சொல் கொஞ்சம் கடுமையாக விழுகிறது, மனது பின்வாங்குகிறது.

கேள்விகளின் வரிசையும் இதே வேலையைச் செய்யும். வெளிநாட்டுக் கம்யூனிஸ்ட் நிருபர்களை அமெரிக்காவுக்குள் விட்டு, அவர்கள் பார்த்தபடி செய்தி அனுப்ப விடலாமா என்று 1948-ல் ஹைமன், ஷீட்ஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கேட்டபோது 36 சதவீதம் பேர் விடலாம் என்றார்கள். ரஷ்யா அமெரிக்க நிருபர்களை விடவேண்டுமா என்று முதலில் கேட்டுவிட்டு அதன்பின் இதைக் கேட்டால் 73 சதவீதம்! நமக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயமா என்று உள்ளே ஏதோ உறுத்தியிருக்கும்போல. இன்னொன்று, ஜெர்மனியில் 1991-ல் வந்த ஷ்வார்ஸ் குழுவினரின் ஆய்வு: வாழ்க்கையில் எவ்வளவு வெற்றி பெற்றிருக்கிறீர்கள் என்ற ஒரே கேள்விக்குச் சிலரிடம் 0 முதல் 10 வரை அளவுகோல், சிலரிடம் -5 முதல் +5 வரை. இரண்டிலும் பதினொரு புள்ளிகள்தான். முதல் வகையில் 34 சதவீதம் பேர் கீழ்ப்பாதியில் (0 முதல் 5 வரை) குறித்தார்கள், இரண்டாவதில் அதே கீழ்ப்பாதியில் 13 சதவீதம் பேர்தான். 0 என்றால் வெற்றியே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம், -5 என்றால் தோல்வி என்றாகிவிடுகிறது. அந்தப் பக்கம் போக யாருக்கும் மனம் வராது.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இல்லாத சட்டத்தின் கதை. சின்சினாட்டியில் ஓர் ஆய்வுக் குழு, 1975 பொது விவகாரச் சட்டத்தை ரத்து செய்யலாமா என்று மக்களிடம் கேட்டது. அப்படியொரு சட்டமே கிடையாது, குழுவே கற்பனை செய்தது. இருந்தும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ரத்து செய்யலாம் என்றோ கூடாது என்றோ கருத்துச் சொன்னார்கள். 1980-ல் இது வெளிவந்தது. மக்களை முட்டாள் என்று இதைப் படிக்காதீர்கள். ஒருவர் மெனக்கெட்டு வந்து கேட்கிறார், தெரியாது என்ற பெட்டியும் கண்முன் இல்லை, ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம் என்பது மரியாதைதான். ஆனால் அந்த மரியாதை உங்கள் அட்டவணையில் 'மக்கள் கருத்து' என்று போய் உட்கார்ந்துகொள்ளும்.

சரி, இவ்வளவு ஓட்டை இருந்தால் எதற்கு ஃபார்ம்? நேர்காணலே செய்துவிடலாமே? இந்த இடத்தில் பலர் அவசரப்பட்டு அந்தப் பக்கம் சாய்வதைப் பார்த்திருக்கிறேன், அதுவும் தப்பு. மேலே சொன்ன கோளாறுகள் எதுவும் நேர்காணலில் இல்லாமல் போய்விடுவதில்லை. நேர்காணலில் கேள்வியின் சொல் ஒவ்வொரு முறையும் மாறுகிறது, தொனி மாறுகிறது, மூன்றாவது ஆளிடம் நாம் களைத்துப் போயிருக்கிறோம், ஒரு பதில் நமக்குப் பிடித்திருந்தால் புருவம் உயர்கிறது. இதையெல்லாம் யாரும் அளப்பதில்லை என்பதால் இல்லாதது மாதிரி தெரிகிறது. வினாப்பட்டியலின் கோளாறுகள் இவ்வளவு துல்லியமாகத் தெரியவந்ததற்குக் காரணமே, எல்லோரிடமும் ஒரே சொற்களில் கேட்பதால் ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் போட்டுச் சோதிக்க முடிகிறது என்பதுதான்.

அதுதான் ஃபார்மின் பலமும். அளவுகோல் ஒரு அங்குலம் தப்பாக இருந்தாலும், அதே கோலால் இரண்டு பேரை அளந்தால் யார் உயரம் என்று சொல்லிவிடலாம். இளைஞர்களுக்கும் முதியவர்களுக்கும், படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும், போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் வித்தியாசம் உண்டா என்பதுதான் உங்கள் ஆய்வுக் கேள்வி என்றால் உங்களுக்கு ஃபார்ம்தான் வேண்டும். அமெரிக்காவின் பொதுச் சமூக ஆய்வு 1972-லிருந்து நடக்கிறது, அதில் பல கேள்விகளின் சொற்களைப் பிடிவாதமாக மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு எழுதினால் வேறு மாதிரி எழுதுவோம் என்று தோன்றினாலும் மாற்றுவதில்லை. மாற்றினால் ஐம்பது வருட ஒப்பீடு போய்விடும். இருபது நேர்காணலை வைத்துக்கொண்டு 'பெண்களில் 65 சதவீதம் பேர்' என்று எழுதுகிற தீசிஸ்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பதின்மூன்று பேரைச் சதவீதமாக்குவது எதற்கு?

ஃபார்மால் பிடிக்கவே முடியாத ஒன்றும் இருக்கிறது: ஆட்கள் சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவில் உள்ள தூரம். ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர் 1930-லிருந்து 1932 வரை ஓர் இளம் சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுவதும் காரில் சுற்றினார். அப்போது அங்கே சீனர்கள் மேல் வெறுப்பு வெளிப்படையாக இருந்த காலம். 251 விடுதிகள், உணவகங்களில் நுழைந்தார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் விரட்டினார்கள். ஆறு மாத இடைவெளி விட்டு அந்த இடங்களுக்கே வினாப்பட்டியல் அனுப்பி, சீனர்களை வாடிக்கையாளராக ஏற்பீர்களா என்று கேட்டார். 128 பேர் பதில் போட்டார்கள், 90 சதவீதத்துக்கும் மேல் 'மாட்டோம்'. 1934-ல் வெளிவந்த இந்தக் கட்டுரையை வினாப்பட்டியலுக்கு எதிரான அஸ்திரமாக எல்லா வகுப்பிலும் எடுப்பார்கள். எனக்கு அதில் இரண்டு சந்தேகம் உண்டு. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் அன்றைக்கு முகப்பில் நின்று தங்க அறை கொடுத்தவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. தவிர, தம்பதி தனியாகப் போகவில்லை, பெரும்பாலும் கூடவே ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர், அதாவது லாபியரே, இருந்தார். ஆனாலும் அடிப்படை விஷயம் நிற்கிறது: என்ன செய்வீர்கள் என்று கேட்டால் கிடைப்பது ஒரு வாக்கியம். என்ன செய்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் பக்கத்தில் நிற்க வேண்டும்.

பக்கத்தில் நிற்பதற்கு எவ்வளவு காலம் ஆகும்? வில்லியம் ஃபூட் வைட் என்ற ஆய்வாளர் 1930களின் பிற்பாதியில் பாஸ்டனில் இத்தாலியர்கள் வாழ்ந்த நார்த் எண்ட் பகுதியில் மூன்றரை வருடம் இருந்தார், அதில் கொஞ்ச காலம் ஒரு குடும்பத்தோடே தங்கினார். ஆரம்பத்தில் சூதாட்டக் கூட்டத்தில் ஒருவரிடம் போலீசுக்குப் பணம் போகிறதா என்கிற மாதிரி ஏதோ கேட்டுவைத்தார், பேச்சு அப்படியே உறைந்துபோனது. அவருக்கு வழிகாட்டியாக இருந்த தெருமுனைக் கூட்டத்தின் தலைவர் மறுநாள் சொன்ன யோசனை, யார், என்ன, ஏன், எப்போது, எங்கே என்று கேட்பதைக் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள், சும்மா கூட இருங்கள், நாளாக நாளாகக் கேட்காமலே பதில் தெரிந்துவிடும் என்பது. தான் கேட்கவே தோன்றியிருக்காத கேள்விகளுக்கெல்லாம் இப்படி உட்கார்ந்து கேட்டதில் பதில் கிடைத்தது என்று வைட் பின்னால் எழுதினார். பொறாமையாக இருக்கிறது. ஆனால் உங்களுக்கு இருப்பது ஆறு மாதம், அதில் ஒரு மாதம் அனுமதிக் கடிதம் வாங்கவே போய்விடும். முழு நீளப் பங்கேற்பு முடியாது என்றால் அரைகுறையாகவாவது செய்யுங்கள்: ஃபார்ம் கொடுப்பதற்கு முன் பத்து நாள் அந்த இடத்தில் கேள்வியே கேட்காமல் இருந்து பாருங்கள். என்ன சொல்லில் பேசிக்கொள்கிறார்கள் என்பதாவது காதில் விழும்.

நேர வரவுசெலவைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் கடைசியில் முடிவு அதில்தான் நிற்கிறது. ஒரு மணி நேர நேர்காணலைப் பதிவு செய்து எழுத்தில் இறக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும், பேச்சு வழக்கும் பின்னணிச் சத்தமும் இருந்தால் இன்னும் கூட. இருபது பேர் என்றால் எழுத்தில் இறக்கவே நூறு மணி நேரம். அதன்பின் அதைப் படித்து, குறித்து, வகை பிரிக்க வேண்டும். ஃபார்மில் உழைப்பெல்லாம் முன்னால் இருக்கிறது, நேர்காணலில் பின்னால் இருக்கிறது. அதனால்தான் ஃபார்ம் சுலபம் என்று தோன்றுகிறது: முன்னால் உழைக்க வேண்டியதை உழைக்காமலே அனுப்பிவிட முடியும், யாரும் தடுக்கமாட்டார்கள். நேர்காணலில் அந்த ஏமாற்று வேலை நடக்காது.

எத்தனை நேர்காணல் போதும் என்று எல்லோரும் கேட்பார்கள். கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களைப் பேட்டி எடுத்து, புதிய விஷயங்கள் வருவது எப்போது நிற்கிறது என்று பார்த்தார்கள். முதல் பன்னிரண்டு பேட்டிக்குள்ளேயே பெரும்பாலானவை வந்துவிட்டன என்று 2006-ல் எழுதினார்கள். அன்றிலிருந்து பன்னிரண்டு ஒரு மந்திர எண் ஆகிவிட்டது. ஓரளவு ஒரே மாதிரியான மக்களிடம், குறிப்பான ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசும்போது அது பொருந்தும். மூன்று வேறு வேறு தொழில், இரண்டு தலைமுறை என்று கலந்து வைத்துக்கொண்டு பன்னிரண்டோடு நிறுத்தினால் ஒவ்வொரு வகையிலும் இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள்.

மந்திர எண் என்றதும் 384 ஞாபகம் வருகிறது. எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று கிரெய்சி, மார்கன் இருவரும் 1970-ல் போட்ட அட்டவணையிலிருந்து தீசிஸ் தீசிஸாகப் பயணம் செய்யும் எண். 95 சதவீத நம்பகத்தில், 5 சதவீதம் முன்பின் பிழையோடு சொல்ல, பெரிய மக்கள்தொகைக்கு 384 பேர் போதும் என்பது சரியான கணக்கு. பிழையை 3 சதவீதமாகக் குறைக்க வேண்டுமானால் 1,067 பேர். ஆனால் ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. நண்பர்கள் குழுவில் லிங்க் போட்டு, அவர்கள் தங்கள் குழுவில் போட்டு, 384 வந்ததும் மூடினால், அது 384 பேர் நிரப்பிய ஃபார்ம். அதற்குமேல் அதைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை. 1936-ல் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடி வாக்குச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்று, தேர்தலில் நின்ற லாண்டன்தான் அடுத்த அமெரிக்க அதிபர் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். முகவரிகள் பெருமளவு தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை, பொருளாதார மந்தத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்று யோசியுங்கள். அதோடு, மெனக்கெட்டுத் திருப்பி அனுப்பியவர்களும் ஒரு தனி ரகம். லிங்க் அனுப்பும் நமக்கும் இதே இரண்டு ஓட்டைகள்தான், கூட்டம் மட்டும் சின்னது.

ஒரே குடும்பம் என்று சொன்னேனே, தாள், நேரில், போன், லிங்க், அதற்குள் எதை எடுப்பது என்பதற்கு என் அனுபவத்தில் பதில் பெரும்பாலும் கேள்வியின் கூச்சத்தைப் பொறுத்தது. போதை, வன்முறை, கடன், படுக்கையறை மாதிரி விஷயங்களில் ஆள் எதிரில் உட்கார்ந்து கேட்டால் மக்கள் குறைத்துச் சொல்வார்கள். தனியாக, தாங்களே நிரப்பினால் அதிகம் ஒப்புக்கொள்வார்கள். இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. ஆகவே கூச்சமான விஷயத்துக்குத் தாளோ லிங்கோ, உறையில் போட்டு ஒட்டித் தரச் சொல்லுங்கள். படிக்கச் சிரமப்படுகிறவர்கள், நீளமான ஃபார்ம், ஒரு கேள்வியின் பதிலைப் பொறுத்து அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டிய சிக்கல், இவை இருந்தால் நேரில் போக வேண்டும், வேறு வழியில்லை. போன் எனக்குப் பிடிக்காது. பத்து நிமிடத்தைத் தாண்டினால் எதிர்முனையில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும், அதன்பின் எல்லாவற்றுக்கும் 'ஆமா ஆமா'.

கூச்சம் ரொம்ப அதிகம் என்றால் நாணயத் தந்திரம் ஒன்று உண்டு. 1965-ல் வார்னர் தொடங்கிவைத்த யோசனையின் எளிமையான வடிவம். பதில் சொல்கிறவர் மறைவாக ஒரு நாணயத்தைச் சுண்டட்டும். தலை விழுந்தால் உண்மை எதுவானாலும் 'ஆம்' என்று சொல்லட்டும், பூ விழுந்தால் உண்மையைச் சொல்லட்டும். 200 பேரில் 130 பேர் ஆம் என்றால், அதில் 100 நாணயத்தால் வந்தது, மிச்சம் உண்மை பேச வேண்டிய 100 பேரில் 30 பேர் ஆம் என்கிறார்கள், ஆக சுமார் 30 சதவீதம். எந்தத் தனி ஆளின் 'ஆம்' உண்மை என்று உங்களுக்கே தெரியாது, அதுதான் அவருக்குத் தைரியம். பாதிப் பேரின் பதில் வீணாவதால் நிறையப் பேர் வேண்டும். அப்புறம், நாணயம் தலை விழுந்தும் 'ஆம்' சொல்லப் பயப்படுகிறவர்கள் இருப்பார்கள், அதற்கும் மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

குழு விவாதத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மக்கள் ஒரு விஷயத்தைத் தங்களுக்குள் எந்தச் சொல்லில் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அருமையான வழி, ஃபார்ம் எழுதும் முன் ஒன்றிரண்டு வைத்தால் நல்லது. குரல் பெரிதாக உள்ள ஒருவர் வந்துவிட்டால் எட்டுப் பேரின் கருத்தும் அவர் கருத்தாகிவிடும். எண்ணிக்கை சொல்ல இதை எடுக்காதீர்கள். கைவசம் இருக்கும் புள்ளிவிவரம் என்றால், எமில் துர்க்கைம் 1897-ல் தற்கொலையைப் பற்றி எழுதியது ஒரு ஃபார்மும் கொடுக்காமல், அரசாங்கப் பதிவுகளை வைத்துத்தான். செத்தவர்களிடம் ஃபார்ம் கொடுக்க முடியாது இல்லையா. ஆனால் ஒரு மரணத்தைத் தற்கொலை என்று பதிவுசெய்ததே ஓர் அதிகாரியின் முடிவு, குடும்பத்துக்காக வேறு மாதிரி எழுதப்பட்டவையும் இருக்கும் என்று பிற்காலத்தில் ஜாக் டக்ளஸ் கடுமையாகக் கேட்டார். யாரோ ஒருவர் எங்கோ டிக் போட்டதுதான் அந்தப் புள்ளிவிவரமும்.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். ஆறு மாதம், ஓர் ஆள், முதல் ஆய்வு என்றால் நான் செய்யச் சொல்வது இது. முதல் இரண்டு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நீண்ட நேர்காணல், கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு தாள் இல்லாமல். அவை முடிந்தபின் உங்கள் கேள்வி 'எத்தனை பேர், யார் யார்' என்று மாறியிருந்தால் ஃபார்முக்குப் போங்கள், பெட்டிகளில் இருக்கும் சொற்கள் அந்தப் பன்னிரண்டு பேர் வாயிலிருந்து வந்தவையாக இருக்கட்டும். கேள்வி இன்னும் 'எப்படி, ஏன்' என்றே இருந்தால் ஃபார்மை மறந்துவிட்டு இன்னும் பத்து நேர்காணலுக்குப் போங்கள், கைடு 384 கேட்டால் சண்டை போடுங்கள். ஏற்கனவே நிறைய ஆய்வு நடந்து, பலர் பயன்படுத்திப் பழகிய அளவுகோல்கள் (தயாராக இருக்கும் கேள்வித் தொகுப்புகள்) கையில் இருக்கிற விஷயம் என்றால் நேர்காணலே தேவையில்லை, நேராக ஃபார்ம். ஆனால் வேற்றுமொழி அளவுகோலைத் தமிழில் கொண்டுவரும்போது, மூலத்தைப் பார்க்காத ஒருவரை வைத்து மறுபடி அந்த மொழிக்கே பெயர்க்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். 'ஓரளவு ஒப்புக்கொள்கிறேன்', 'ஒப்புக்கொள்கிறேன்', 'முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்' என்று மூன்றையும் வரிசையாக வாசித்துக் காட்டினால் எதிரில் இருப்பவர் முகம் போகிற போக்கைப் பார்த்திருக்கிறீர்களா? லைக்கர்ட் என்பவர் 1932-ல் இப்படி ஒப்புதலை அளக்கும் ஐந்து புள்ளி அளவுகோலை யோசித்தபோது வாய்விட்டு வாசிப்பதை யோசித்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

அந்த அம்மாவிடம் கேட்ட கேள்வியை நான் பிறகு தூக்கிவிட்டேன். அதற்குப் பதில் நான்கு கேள்விகள் வந்தன. கடைசியாக வீட்டுக்கு ஒரு பெரிய பொருள் வாங்கியது என்ன, அந்தப் பேச்சை முதலில் எடுத்தது யார், வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா, சொன்னபின் வாங்கினீர்களா இல்லையா. பொதுவாக யார் முடிவெடுப்பது என்று எங்கேயும் கேட்கவில்லை. பத்துப் பேரிடம் கொடுத்துப் பார்த்ததில் இரண்டாவது கேள்வியிலேயே பாதிப் பேர் சிரித்தார்கள், ஒருவர் பெட்டிகளை விட்டுவிட்டு ஓரத்தில் நான்கு வரி எழுதியிருந்தார். அதை வைத்து ஒரு பெட்டி கூட்டினேன்: 'வேண்டாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை'. உங்கள் முன்னோட்டத்துக்கும் பத்துப் பேர் போதும். முடித்தபின் ஒவ்வொருவரிடமும் இந்தக் கேள்வியை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்று கேளுங்கள். கேள்வியை மாற்றிய பிறகு அந்தப் பத்துத் தாள்களையும் கடைசிக் கணக்கில் சேர்க்காதீர்கள், எண்ணிக்கை குறைகிறது என்று கை எவ்வளவு துறுதுறுத்தாலும்.